சொல்லே இல்லாத பியானோவுல விடுதலைய எப்படி கேக்க வைக்கறது?

கும்மோணம் கட்டை:
வணக்கம் மக்களே. ஜனவரி 26 சாயங்காலம் தஞ்சாவூர்ல ஒரு சர்ச் ஹால்ல தனியா பியானோ வாசிக்கிறேன், பாட்டு கிடையாது, பக்கவாத்தியமும் கிடையாது, தீம் அரசியல் விடுதலை. மொதல்ல போலந்துக்காரர் ஷோபனோட ரெவல்யூஷனரி எட்யூட் (எட்யூட்னா பயிற்சிக்குன்னு எழுதுற சின்ன உருப்படி), 1831ல வார்சா ரஷ்யாக்காரன்கிட்ட விழுந்தப்போ எழுதுனதுன்னு சொல்லுவாங்க (அந்தப் பேரு அவர் வச்சதில்ல). அடுத்து செக் நாட்டு யானாச்செக் எழுதுன சொனாட்டா (பல பகுதியா வர்ற பியானோ உருப்படி). கடைசியா அமெரிக்க இசையமைப்பாளர் ஜெவ்ஸ்கி 1975ல எழுதுனது, சிலி நாட்டுப் போராட்டப் பாட்டு ஒன்ன வச்சு 36 வேரியேஷன் (ஒரே மெட்ட விதவிதமா மாத்தி வாசிக்கறது), சுமார் ஒரு மணி நேரம். வீட்ல வாசிச்சு காட்டுனேன், எங்க அத்தை "நல்லாருக்குப்பா, கை வலிக்கலயா"ன்னாங்க. அவ்ளோதான். இதுல அரசியல் எங்க போச்சு?

நாயனக்காரர் பேரன்:
அண்ணே, நாயனத்துலயும் சொல் கிடையாதே. திருவையாறு ஆராதனைல வாசிச்சா சொல் எங்கன்னு எவனாவது கேக்கறானா? கீர்த்தனை அவன் மனசுலயே ஓடுது, அதான். 1973ல சிலி தெருவுல அந்தப் பாட்ட கத்துன ஜனத்துக்கு ட்யூன் மட்டும் போதும், செப்டம்பர்ல ராணுவம் ஆட்சிய புடிச்சப்புறம் சொல்லவே வேணாம். உங்க அத்தைக்கு அது தெரியாதுல்ல? அதனால மெட்ட ரெண்டு தடவ தனியா வாசிங்க, "ஒண்ணு சேந்த ஜனத்த எவனும் தோக்கடிக்க முடியாது"ன்னு அர்த்தத்த சொல்லிட்டு அப்புறம் ஆரம்பிங்க.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப வெளக்காதீங்க, கச்சேரி கிளாஸ் ரூம் ஆயிடும். ஆனா யானாச்செக்குக்கு மட்டும் ரெண்டு வரி சொல்லணும். பிர்னோங்கற செக் ஊர்ல செக் பல்கலைக்கழகம் வேணும்னு கேட்ட கூட்டத்துல 1905 அக்டோபர் 1ந்தேதி ஒரு தச்சு வேலைக்காரர குத்திக் கொன்னாங்க, அதுக்குத்தான் அந்த சொனாட்டா. மூணாவது பகுதிய அவரே எரிச்சிட்டாரு, மிச்சத்த ஆத்துல போட்டாரு, வாசிச்சவங்ககிட்ட நகல் இருந்ததால ரெண்டு பகுதி தப்பிச்சுது. ரெண்டாவதோட பேரு 'மரணம்'. எங்களுக்கு கீழவெண்மணி பஸ்ல போற தூரம், 1968 டிசம்பர் 25, கூலி கேட்ட சனம், 44 பேரு. கீழவெண்மணி பேர சொல்லிட்டு வாசிங்க, யாரும் கை வலிக்குதான்னு கேக்க மாட்டாங்க.

வேதாரண்யத்தான்:
இவ்ளோ வெளிநாடு போயிட்டு நம்ம ஊர விட்டுட்டீங்களே தம்பி! 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சிலேந்து எங்க ஊருக்கு உப்பெடுக்க நடந்து வந்தப்போ நாமக்கல் கவிஞர் பாட்டத்தான் பாடிக்கிட்டு வந்தாங்க. அத ஒத்த விரல்ல வாசிச்சாலும் பாதி ஹால் கூடவே முணுமுணுக்கும்.

கும்மோணம் கட்டை:
ஐயா, செம. ஜெவ்ஸ்கி கடைசி தடவ மெட்டு திரும்பறதுக்கு முன்னாடி வாசிக்கறவன் சொந்தமா ஏதாவது வாசிச்சுக்கலாம்னு எடம் விட்டுருக்கார், அதுல உப்புப் பாட்ட மெதுவா நுழைச்சுடலாம்னு தோணுது, இடது கைல அந்த சிலி மெட்டு ஓடிட்டே இருக்கட்டும். நேத்து ராத்திரி ட்ரை பண்ணேன், அத்தை அடுப்படிலேந்து கூடவே பாடிட்டாங்க!
இன்னும் ஒரு சிக்கல், நடுவுல பியானோ மூடிய டமால்னு அடிக்கலாம்னும் எழுதிருக்கார். மழைக்கு அப்புறம் ஏற்கனவே ரெண்டு கட்டை ஒட்டுது, ஃபாதர்கிட்ட இத இன்னும் சொல்லல.