இளைப்பாறிய பிறகு மாலைதீவுக்கு மறுபடி படிப்பிக்கப் போன அனுபவம்

உவர்மலை, கணித ஆசிரியர்:

பென்சன் எடுத்த பிறகு வெளிநாட்டில் படிப்பிக்கப் போகலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. எனக்குத் தெரிந்த வெளிநாடு மாலைதீவு ஒன்றுதான். மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனது உழைக்க. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு வருகிறேன்.

1993இல், யுத்த காலத்தில், திருகோணமலை எப்படி இருந்தது என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். சம்பளமற்ற லீவு போட்டுவிட்டு, மாலைதீவில் லாமு அட்டோல் என்கிற பவளத் தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைநகர் மாலேயில் இருந்து சரக்கு ஏற்றுகிற தோணியில் ஒரு இரவும் ஒரு பகலும். அவர்களும் அதைத் ‘தோனி’ என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வருடம் இருந்தேன். காசு அனுப்பினேன், வீட்டுக்குக் கூரை போட்டோம், திரும்பி வந்தேன். பிறகு இங்கேயே படிப்பித்து, மொத்தம் 34 வருடச் சேவையோடு 2018இல் இளைப்பாறினேன்.

2022 நடுப்பகுதி, இலங்கையில் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் வரிசை, சமையல் எரிவாயு இல்லை, பின்னேரமானால் கரண்ட் இல்லை. அந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. நான் அந்தக் காலத்தில் படிப்பித்த பையன், இப்போது நாற்பது வயதைத் தாண்டியவர், தீவில் விருந்தினர் விடுதி நடத்துகிறார். “சேர், அங்கே கஷ்டம் என்று செய்தியில் பார்த்தேன். வந்து கொஞ்ச நாள் எங்களோடு இருங்கள். பின்னேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்” என்றார். தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் ருஃபியா, அதாவது அந்த ஊர்க் காசு. வேலை அனுமதியையும் அவரே ஒழுங்கு செய்தார்.

கட்டுநாயக்காவில் இருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். திருகோணமலையில் இருந்து கட்டுநாயக்கா போய்ச் சேருவதுதான் பெரிய பயணம்.

வகுப்பு ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை. அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. பின்னேர அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகள் வருவார்கள். ஒரு ஈரப்பலா மரத்தின் கீழே ‘ஜோலி’ போட்டிருக்கும். இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய இருக்கை அது, உட்கார்ந்தால் உடம்பு அப்படியே அமிழ்ந்துவிடும். அதில் இருந்து படிப்பிக்கலாம் என்று நான் நினைக்கவே இல்லை. 11 பிள்ளைகள். மணி இல்லை, இடாப்பு இல்லை, பாடத்திட்டம் எவ்வளவு முடிந்தது என்று கேட்க ஒருவரும் இல்லை. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் வகுப்பு முடிந்தது.

ஒரு நாள் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை மணலில் எண்கோடு கீறச் சொன்னேன். குச்சியை எடுத்து நீளமாக ஒரு கோடு இழுத்தான். வலது பக்க நுனிக்குக் கிட்ட பூச்சியம் போட்டான். அதில் இருந்து இடது பக்கமாக 1, 2, 3 என்று 10 வரை எழுதினான். என் கால் அதை அழிக்கப் போய்விட்டது. பழக்கம் அப்படி. ஆனால் அவசரம் ஒன்றும் இல்லையே, பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. சரி, கேட்டுப் பார்ப்போம் என்று, “ஏன் மகன் இந்தப் பக்கத்தில் தொடங்கினாய்?” என்றேன்.

“கோடு அங்கேதானே சேர் தொடங்கும்” என்றான்.

அவன் சொன்னது சரி. அவர்களுடைய திவேஹி மொழியை வலமிருந்து இடமாகத்தான் எழுதுவார்கள். அந்தத் தானா எழுத்துகளில் முதல் ஒன்பதும் அரபு இலக்கங்கள் 1 முதல் 9 வரையானவற்றின் வடிவத்தில் இருந்து வந்தவை. அடுத்த ஒன்பதும் பழைய உள்ளூர் இலக்கங்களில் இருந்து எடுத்தவை. இலக்கத்தில் இருந்தே எழுத்தை எடுத்த ஊரில், வலது பக்கம் தொடங்குகிற பிள்ளைக்குப் பிழை போட நான் யார்? அவனுடைய கோட்டிலேயே, மூன்றில் நின்று ஐந்தைக் கழிக்கச் சொன்னேன். வலது பக்கமாக ஒவ்வொரு அடியாகக் குதித்தான். பூச்சியத்தைத் தாண்டி, கோடு முடிந்த இடத்தையும் தாண்டி, வெறும் மணலில் நின்று “மைனஸ் டூ” என்றான். மறை எண்ணை நான் இன்னும் அந்த வகுப்பில் தொடங்கவே இல்லை.

மற்றப் பிள்ளைகளும் எழும்பி வந்து குதித்தார்கள். அடுத்த நாள்தான், “புத்தகத்தில் இடது பக்கம் இருந்து வரும், சோதனையில் அப்படியே கீறு” என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் மாற்றிக் கீறிவிட்டான்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 40 பிள்ளைகள், 40 நிமிடம், இந்தத் தவணைக்குள் இந்த அலகு என்று ஓடிய காலத்தில், எத்தனை பிள்ளைகளிடம் ‘ஏன்’ என்று கேட்காமல் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்? ஊரில் எனக்கு நல்ல பெயர்தான், பெறுபேறும் நன்றாகவே வரும். ஆனால் ஒரு பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று முழுசாகக் கேட்டு முடித்தது 64 வயதில், அந்த மரத்தின் கீழேதான்.

காலையில் எனக்கு வேலை இல்லை. மஸ் ஹுனியும் ரொட்டியும் சாப்பாடு. சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி எல்லாம் சேர்த்துப் பிசைவது. நாங்கள் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு அந்த ஊர்ச் சாமான்தான் என்பதால் வாய்க்குப் புதிதாகவே தெரியாது. நான்கு மாதம் இருந்து வந்தேன். 2023இல் மறுபடி போனேன், அப்போது வீட்டுக்காரியும் கூட வந்தா.

கிண்ணியா, ஆங்கில ஆசிரியர்:

வணக்கம் சேர். எண்கோட்டுக் கதையை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். என்னுடைய அனுபவம் வேறு மாதிரி, கேட்ட தங்கச்சிக்காக அதையும் எழுதுகிறேன்.

நான் 60 வயதில் இளைப்பாறி, அடுத்த வருடமே ஒரு ஏஜென்ட் மூலம் முழுநேர ஒப்பந்தத்தில் போனேன். இங்கே சொன்ன வகுப்பு ஒன்று, அங்கே தந்த வகுப்பு வேறொன்று. வாரத்துக்கு 28 பாடவேளை, அதற்கு மேல் மேலதிக வகுப்பு. அறையில் இன்னும் மூன்று இளம் ஆசிரியர்கள், கேரளப் பையன்கள், நல்ல பிள்ளைகள், ஆனால் இரவு இரண்டு மணி வரை போன் பேசுவார்கள். என் முழங்கால் ஒத்துவரவில்லை. ஐந்து மாதத்தில் திரும்பி வந்துவிட்டேன். நோன்பு மாதம் மட்டும் மறக்க மாட்டேன். பள்ளி நேரம் குறைவு, இஃப்தாருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் இருந்து அழைப்பு வரும்.

ஆகவே, எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதீர்கள். வந்து இறங்கும்போது கிடைக்கிற 30 நாள் சுற்றுலா விசாவில் போய்ப் படிப்பிக்க வேண்டாம், சும்மா சொல்லிக் கொடுப்பதாக இருந்தாலும் அனுமதி எடுங்கள். பட்டச் சான்றிதழைக் கொழும்பில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி வையுங்கள். மருந்துகளுக்கு டொக்டரின் துண்டு கட்டாயம். பென்சன்காரர் வருடா வருடம் கொடுக்கிற உயிர்வாழ் சான்றிதழை மறந்துவிட்டுப் போனால், இங்கே பிள்ளைகள்தான் அலைய வேண்டி வரும்.

உவர்மலை, கணித ஆசிரியர்:

கிண்ணியா சேர் சொன்னது அத்தனையும் சரி. முழுநேர ஒப்பந்தம் இந்த வயதுக்குச் சரிவராது என்பதுதான் என் எண்ணமும். தெரிந்த ஒருவர் கூப்பிட்டு, நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் போங்கள். கூப்பிட ஆள் இல்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

சைவ ஆட்களுக்கு ஒன்று. வழிபாட்டுச் சிலைகளை அங்கே கொண்டுபோக விடமாட்டார்கள். நான் எடுத்துப் போவதில்லை. விடியற்காலையில் கடலைப் பார்த்து நின்று கோணேசரை நினைத்துக்கொள்வேன், அது எனக்குப் போதுமாக இருந்தது.

பெண்கள் தனியாக இருக்கலாமா என்றும் தங்கச்சி கேட்டிருந்தா. என் வீட்டுக்காரி சொல்கிறா, பயம் ஒன்றும் இல்லை, ஆனால் இரவு ஏழு மணிக்குப் பிறகு பேச ஆள் வேண்டும் என்று. அவ அங்கே பக்கத்து வீட்டுப் பெண்களோடு குசினியில் இருந்தே பாதித் திவேஹி பழகிவிட்டா. நான் இன்னும் ‘ஷுக்ரிய்யா’வில்தான் (நன்றி) நிற்கிறேன்.

அடுத்த ஜனவரியில் மறுபடி போகிறேன். அந்தப் பையனுக்கு இப்போது 11 வயது. எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் மான் நடந்து திரியும் என்று சொன்னதை அவன் நம்பவில்லை, படம் கேட்டிருக்கிறான். நாளைக் காலை கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போகும்போது எடுக்க வேண்டும்.