ரேடியேட்டர் மேல்டேங்கில் விரிசல்: ஒட்டலாமா, டேங்க் மட்டும் மாற்றலாமா, புதுசு போடலாமா?

காட்பாடி காந்திநகர்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

2012 மாடல் சின்ன பெட்ரோல் கார், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன ஞாயிறு ஆம்பூரில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மதியம் இரண்டு மணி, அக்னி நட்சத்திர வெயில், ஏசி முழுசாக ஓடுகிறது, உள்ளே அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். பள்ளிகொண்டா டோலில் வரிசையில் நின்றபோது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. ஏசியை நிறுத்தினேன், கொஞ்சம் இறங்கியது. டோல் தாண்டி ஓரம் கட்டினால் பானெட்டின் முன்பக்கம் ஆவி வருகிறது, கூடவே ஒரு இனிப்பு வாடை. மூடியைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஆறிய பிறகு கையில் இருந்த குடிதண்ணீரை ஊற்றி, வழியில் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பார்த்தால், ரேடியேட்டரின் மேல் உள்ள கருப்பு பிளாஸ்டிக் டேங்கில், பெரிய ஹோஸ் சேரும் கழுத்துப் பக்கம், முடி போல ஒரு கோடு. இரண்டு அங்குலம் இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கறை.

பக்கத்து மெக்கானிக் எபாக்ஸி பசை வைத்து ஒட்டித் தருகிறேன், 400 ரூபாய் என்கிறார். ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் ஒருவர் மேல்டேங்கை மாற்றினால் போதும், 1,800 என்கிறார். வெளி மார்க்கெட்டில் புது ரேடியேட்டர் 3,800. சர்வீஸ் சென்டரில் கூலியோடு 7,400. வண்டியை இன்னும் நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். அம்மாவை மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போக இந்த ஒரு வண்டிதான், அதனால் நடுவழியில் நிற்கக் கூடாது. எது சரி?

சத்துவாச்சாரி

மூடியைத் திறக்காமல் காத்திருந்தீர்களே, அதற்கே முதலில் ஒரு நன்றி. சூட்டில் திறந்து முகம், கை வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டருக்குச் செலவு செய்யும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். முள் சிவப்பைத் தொட்டதா? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த டீ மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில், ரேடியேட்டர் மூடி திறந்திருக்கும்போது தொடர்ந்து குமிழி வருகிறதா? ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தால் சிலிண்டர் காற்று, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குள் புகுந்து, புது ரேடியேட்டரையும் உடைக்கும். அது தெரியாமல் ரேடியேட்டர் வாங்கினால் காசு வீண்.

இன்னொன்று, முள் இறங்கியது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் ஆவிதான் இருக்கும். எஞ்சின் கொதித்தாலும் முள் கீழே காட்டும்.

காட்பாடி காந்திநகர்

இப்போதுதான் பார்த்தேன். சிவப்பைத் தொடவில்லை, அதற்கு ஒரு கோடு கீழே நின்றது. ஆயில் சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தேன், முதலில் இரண்டு குமிழி, அப்புறம் வரவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை.

ராணிப்பேட்டை, ரேடியேட்டர் வேலை

தம்பி, 22 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எஞ்சின் தப்பித்திருக்கிறது.

எபாக்ஸியை மறந்துவிடுங்கள். அந்த மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த இடத்தில் அது நிற்காது. உங்கள் ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அவ்வளவு பார் அழுத்தம் வரை மூடி தாங்கிப் பிடிக்கும். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், அந்த அழுத்தத்தில் 118 டிகிரி கிட்டே போனால்தான் கொதிக்கும். ஆக, சூடும் அழுத்தமும் சேர்ந்து தினமும் அந்த விரிசலை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். டேங்க் என்பது கண்ணாடி இழை கலந்த நைலான். பத்து வருடம் சூடாகி ஆறிச் சூடாகி அது முறுகிப்போகிறது. நீங்கள் பார்த்தது ஒரு கோடு. பக்கத்திலும் அதே வயசு பிளாஸ்டிக்தான். கழுத்து ஓரத்தில் எஞ்சின் அதிர்வும் ஹோஸ் இழுப்பும் வேறு சேரும். பசை தாங்கினாலும் அடுத்த விரிசல் அதை ஒட்டி வரும்.

டேங்க் மாற்றுவது நல்ல வேலைதான், நானே செய்கிறேன். தண்ணீர் ஓடும் குழாய்களும் அவற்றுக்கு நடுவே ஃபின் என்ற மெல்லிய தகடுகளும் இருக்கும் நடுப்பாகம்தான் கோர். அந்த அலுமினியக் கோரின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல்லாக மடித்திருப்பார்கள். அதை நிமிர்த்தி, பழைய டேங்கை எடுத்து, புது ரப்பர் கேஸ்கெட் வைத்து, புது டேங்கை உட்காரவைத்துத் திரும்ப மடிக்க வேண்டும். ஒரு தடவை தாங்கும். இரண்டாவது தடவை நிமிர்த்தினால் பல் ஒடியும். ஆனால் இதெல்லாம் கோர் நன்றாக இருந்தால் மட்டும். அந்தக் காலத்துச் செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்து மூடி, இருபது வருடம் ஓட்டலாம். லாரி, டிராக்டருக்கு இன்னமும் அப்படித்தான் செய்கிறோம். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது, குழாயும் மெல்லிசு.

அதனால் கோரைப் பாருங்கள். ரேடியேட்டரை இறக்கிக் கீழ்ப்பக்க ஃபின்னை விரலால் லேசாகத் தேய்த்தால், நன்றாக இருப்பது வளையும். போனது மாவாக உதிரும். ஹோஸ் வாயில் டார்ச் அடித்தால் குழாய் ஓட்டைகள் தெரியும், வெள்ளையாக அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் இதற்குப் பதில் சொல்லுங்கள்: இத்தனை நாள் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

காட்பாடி காந்திநகர்

அண்ணே, சர்வீஸில் கூலன்ட் ஊற்றுவார்கள். இடையில் குறைந்தால் வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன். மூன்று வருடமாக இப்படித்தான்.

ராணிப்பேட்டை, ரேடியேட்டர் வேலை

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் சோறு வடித்த பாத்திரத்தைப் பாருங்கள், அடியில் வெள்ளைப் படலம் தெரியும். அதேதான் குழாய்க்குள்ளும் படிகிறது. அது பூச்சு மாதிரி உட்கார்ந்து சூட்டை வெளியே விடாது. போதாததற்கு பாலாற்றுக் கரையோரம் தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பும் அதிகம். உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். எங்கள் ஊர், வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி வண்டிகள் கடைக்கு வந்தால் கோரைப் பார்க்காமல் டேங்க் விலை சொல்லவே மாட்டேன்.

குடியாத்தம், வாடகை வண்டி

அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் என் அனுபவத்தையும் வைக்கிறேன். எனக்கும் இதே மாதிரி மேல்டேங்க் போனது. 2021இல் டேங்க் மட்டும் மாற்றினேன், இன்றுவரை சொட்டவில்லை. பெங்களூரு, திருப்பதி என்று வாரம் நான்கு நாள் ஓடுகிறது. என் வண்டியில் முதல் நாளிலிருந்து கடையில் விற்கும் ரெடி கூலன்ட் தவிர வேறு எதுவும் ஊற்றியதில்லை, கோர் பளிச்சென்று இருந்தது. அதனால் டேங்க் மாற்றுவதே தப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதிக் காசில் முடிகிற வேலை.

அதற்கு முந்தைய வண்டியில் வாணியம்பாடி தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு ஒழுக ஆரம்பித்தது. ஒரு டீக்கடையில் மஞ்சள் தூள் வாங்கி நான்கு ஸ்பூன் போட்டேன். ஒழுகல் நின்றது, வீடு வந்தேன். அதைக் கழுவாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். சேறு மாதிரி திரண்டு குழாய்களை அடைத்து, கடைசியில் வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டரின் கோரும் போனது. மஞ்சளோ, ஒழுகல் அடைக்கும் பவுடரோ, வீடு வந்து சேர மட்டும் போடுங்கள். மறுநாளே கழுவ வேண்டும்.

ஆரணி

எதை மாற்றினாலும் மூடியையும் மாற்றுங்கள். 200, 300 ரூபாய்க்குள் முடியும். மூடியின் ஸ்பிரிங் இறுகிப்போனால் அழுத்தம் வெளியே போகாமல் டேங்கை உடைக்கும். எனக்கு நடந்தது அதுதான். புது டேங்க் போட்டு நான்கே மாதத்தில் இன்னொரு விரிசல், அப்புறம்தான் மூடியைச் சந்தேகப்பட்டோம். வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் உறிஞ்சியது போல் சப்பையாகிக் கிடந்தாலும் மூடியில்தான் குறை. ஆறும்போது திரும்பத் தண்ணீரை இழுக்கும் சின்ன வால்வு அடைத்திருக்கும்.

காட்பாடி காந்திநகர்

இன்று ரேடியேட்டரை இறக்கினோம். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கீழ்ப்பக்கம் மழைச்சேறு தெறிக்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஃபின் விரலோடு உதிர்ந்து வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாக ஏழெட்டுக் குழாயின் வாய் பாதி வெள்ளையாக மூடியிருக்கிறது. டேங்க் மாற்றுவதாகச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். தொட்டியில் முக்கிக் காற்று கொடுத்தார், விரிசல் தவிர கோரின் இரண்டு இடத்திலும் நூல் போலக் குமிழி. "இதில் புது டேங்க் போட்டால் நீங்கள் மழைக்காலத்துக்குள் திரும்ப வருவீர்கள் சார்" என்று அவரே சொல்லிவிட்டார். வேலை வேண்டாம் என்று அவர் சொன்னதை இங்கே எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

புதுசு வாங்கிவிட்டேன், வெளி மார்க்கெட்டில். மூடி, மேல் ஹோஸ், கிளிப் எல்லாம் சேர்த்து 4,900. நாளை மாட்டுகிறோம். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ராணிப்பேட்டை, ரேடியேட்டர் வேலை

பழையதையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோரின் தடிமன் குறைவாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள், நம் வெயிலுக்குப் போதாது. ரேடியேட்டர் உட்காரும் கீழ் ரப்பர் புஷ் இரண்டும் புதுசாக இருக்கட்டும். அது போனால் அதிர்வு நேராக டேங்குக்கு வரும்.

மாட்டும் முன் எஞ்சினுக்குள் நிற்கும் பழைய தண்ணீரையும் சுத்தத் தண்ணீர் விட்டு ஓடவிட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சுண்ணாம்பு புதுசுக்குள் வரும். அப்புறம் உங்கள் வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகைக் கூலன்ட். கலக்க வேண்டிய வகை என்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் முழுசாகத் திருப்பி, மூடி திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்துவிட்டது என்று அர்த்தம். குமிழி நின்றதும் மூடிவிட்டு, ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள். ஃபேன் ஓடாவிட்டால் டோல் வரிசையில் திரும்ப இதே கதைதான்.

காட்பாடி காந்திநகர்

மாட்டி ஐந்து நாள் ஆகிறது. முதல் நாள் காலை ரிசர்வ் பாட்டிலில் ஒரு விரல் குறைந்தது, ஊற்றினேன். அதற்கப்புறம் மேல் கோட்டிலேயே நிற்கிறது. நேற்று மதியம் ஏசி போட்டுக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பார்த்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை.

வடித்த பழைய கூலன்ட் ஒரு பக்கெட் நிறைய இருக்கிறது. சாக்கடையில் ஊற்றலாமா?

சத்துவாச்சாரி

வேண்டாம். அந்த இனிப்பு வாடைக்கு நாய், பூனை வந்து நக்கும், கொஞ்சம் போனாலே அதன் சிறுநீரகம் போய்விடும். கேனில் அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். வாசலில் சிந்தியிருந்தால் இன்றைக்கே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

காட்பாடி காந்திநகர்

எங்கள் தெருவில் இரண்டு குட்டி போட்ட நாய் இருக்கிறது. இதோ கழுவப் போகிறேன்.