பாக்டீரியா வழியா டிஎன்ஏ வேக்சின்: செல்லுக்குள்ள போனப்புறம் என்ன நடக்குது?

மைக்ரோமாணவி:
எம்எஸ்சி செமினாருக்கு பாக்டோஃபெக்‌ஷன் எடுத்திருக்கேன், அதாவது பாக்டீரியாவை வண்டியா வெச்சு டிஎன்ஏவை நம்ம செல்லுக்குள்ள சேர்க்குறது. வீரியம் குறைச்ச சால்மோனெல்லா, ஷிகெல்லாக்குள்ள பிளாஸ்மிட் (வேக்சின் ஜீன் இருக்கிற வட்ட டிஎன்ஏ) வெச்சு அனுப்புறாங்க, மேக்ரோஃபேஜ்ன்ற கிருமி விழுங்குற இம்யூன் செல் அதை விழுங்குது, இதுவரைக்கும் ஓகே. ஆனா விழுங்கினா செரிச்சிடுமே, டிஎன்ஏ மட்டும் எப்படி தப்பிக்குது? உயிரோட இருக்குற கிருமிய குடுக்குறது சேஃப்பா வேற?

லேப்வாசி:
நல்ல கேள்வி, கிருமிக்கு கிருமி பதில் மாறும். 1995ல சயின்ஸ் இதழ்ல வந்த ஷிகெல்லா வேலைய முதல்ல படிங்க. அதுல ஏஎஸ்டி ஜீனை எடுத்துட்டாங்க, அது இல்லாம செல் சுவர் கட்டத் தேவையான டிஏபிய கிருமியால தயாரிக்க முடியாது. லேப்ல நாம மீடியத்துல டிஏபி ஊத்தி வளர்க்கலாம், நம்ம உடம்பு செல்லுக்குள்ள அது கிடையவே கிடையாது, அதனால உள்ள போய் பெருகப் பார்க்கும்போதே சுவர் கட்ட வழியில்லாம வெடிச்சிடும். ஷிகெல்லாவுக்கு, செல் விழுங்கும்போது தன்னை மூடுற பையை உடைச்சு சைட்டோபிளாசத்துக்கு வர்ற பழக்கம் உண்டு, ஸோ பிளாஸ்மிட் அங்கயே கொட்டிடும். லிஸ்டீரியான்ற கிருமியும் லிஸ்டீரியோலைசின்ற புரதத்தை வெச்சு பைய ஓட்டை போட்டு வெளிய வந்துடும். சால்மோனெல்லா பைக்குள்ளயே உக்காந்திருக்கும், ஆனாலும் 1997ல எலிக்கு வாய் வழியா குடுத்து நல்ல இம்யூன் ரெஸ்பான்ஸ் பார்த்தாங்க. டிஎன்ஏ அந்தப் பையிலேர்ந்து எப்படி வெளிய வருதுன்றது இன்னும் யாருக்கும் முழுசா தெளிவாகல, செமினார்ல அதை ஒளிக்காம சொல்லுங்க.

கிண்டிக்காரன்:
சேஃப்டி பத்தி: பிறந்த குழந்தைக்கு போடுற பிசிஜி காசநோய் தடுப்பூசியே வீரியம் குறைச்ச உயிருள்ள கிருமிதானே. டைஃபாய்டுக்கு டிஒய்21ஏன்ற வீரியம் குறைச்ச டைஃபாய்டு கிருமிய கேப்ஸ்யூலா பல வருஷம் குடுத்திருக்காங்க. அதே டிஒய்21ஏக்குள்ள பிளாஸ்மிட் வெச்சு விஎக்ஸ்எம்01ன்னு ஹைடெல்பர்க்ல கணையப் புற்றுநோய் நோயாளிகளுக்கு வாய் வழியா குடுத்து ட்ரையல் பண்ணாங்க. எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்களுக்கு மட்டும் உயிருள்ள கிருமி எதுவுமே யோசிச்சுதான் குடுக்கணும்.

குமரன்_பயோ:
2021ல நம்ம நாட்டுல அனுமதி வாங்கின சைகோவ்-டி கொரோனா வேக்சின் வெறும் பிளாஸ்மிட்தானே, பாக்டீரியாவே இல்லாம தோல்ல ஏத்தினாங்க. அப்புறம் இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

லேப்வாசி:
வெறும் டிஎன்ஏ போட்டா செல்லுக்குள்ள போறது ரொம்ப கொஞ்சம், எலில சூப்பரா வேலை செஞ்சது மனுஷன்கிட்ட சொதப்பினதுக்கு அதுவும் ஒரு காரணம். பாக்டீரியா நேரா மேக்ரோஃபேஜ், டென்ட்ரிட்டிக் செல்னு இம்யூன் செல்லுக்கே கொண்டு போகுது, சால்மோனெல்லா, ஷிகெல்லா மாதிரி கிருமியோட வெளி உறையில இருக்கிற எல்பிஎஸ்ன்ற பொருளே இம்யூனிட்டிய தட்டி எழுப்புது, தனியா அட்ஜுவன்ட் (இம்யூனிட்டிய தூண்டுற பொருள்) பெரும்பாலும் வேணாம். மைனஸும் இருக்கு, அதே கிருமிக்கு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருக்குற உடம்பு சரக்கை இறக்குறதுக்கு முன்னாடியே அதை கொன்னுடலாம். மைக்ரோமாணவி, பிளாஸ்மிட்ல ஆன்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ் ஜீனை முடிஞ்சவரை தவிர்க்கணும்ன்றதையும் ஒரு ஸ்லைடுல போட்டுடுங்க, கண்டிப்பா கேப்பாங்க.