அம்மாவின் ரத்தப் பரிசோதனை: தோ பாயோ வீட்டார் குழு

கவிதா: அம்மாவின் ரத்த முடிவு வந்துவிட்டது. நார்மெட்டாநெஃப்ரின் என்று ஒன்று, ஒரு ஹார்மோன் சிதைந்து வருவதாம், மேல் எல்லையைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் கட்டி ஏதும் உண்டா என்று உறுதிசெய்ய, மறுபடி ரத்தம் எடுக்கவேண்டுமாம்.

ரவி மாமா: கட்டியா? உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் அக்கா!

மீனா சித்தி: பதறாதே தம்பி. முதலில் ரத்தம், அதில் தெளிவாகத் தெரிந்தால்தான் ஸ்கேன். எந்தத் தொல்லையும் தராத சிறு கட்டிகள் அட்ரினலில் பலருக்கும் இருக்கும். அவசரப்பட்டுப் படம் எடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும். கவிதா, அன்று அம்மா படுத்திருந்தாரா, உட்கார்ந்திருந்தாரா?

கவிதா: உட்கார்ந்துதான். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்தோம். போனவுடன் எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். தாதி அப்போதே ஊசி குத்திவிட்டார்.

மீனா சித்தி: எனக்கு அதுதான் உறுத்துகிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் ரத்த அழுத்தம் இறங்காமல் காக்க நரம்புகள் நார்அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது சிதைந்து வருவதுதான் நார்மெட்டாநெஃப்ரின். ஆகவே கட்டி இல்லாதவருக்கும் அளவு ஏறும். குறைந்தது 20 நிமிடமாவது மல்லாந்து படுத்திருந்து, அப்படியே எடுக்கவேண்டும்.

அம்மா: மீனா, எனக்குத் தலைவலியும் வியர்வையும் படபடப்பும் வந்து வந்து போகின்றன. நேற்றுப் பாத்திரம் கழுவும்போது கூட வந்தது. அந்த நேரத்தில் எடுத்தால்தானே தெரியும்? சும்மா படுத்துக் கிடந்தால் என்ன தெரியும்?

மீனா சித்தி: நல்ல கேள்வி அக்கா. அட்ரினலினையே அளப்பதாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கட்டி அதை அவ்வப்போதுதான் கொட்டும். கொட்டியதும் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் கட்டியின் செல்லுக்குள்ளேயே ஹார்மோன் ஓயாமல் கசிந்து, அங்கேயே சிதைந்து, நார்மெட்டாநெஃப்ரின் போன்ற மெட்டாநெஃப்ரின்களாக ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். படபடப்பு இல்லாத நாளிலும் அது அகப்படும். அதனால்தான் இந்தச் சோதனையை நான் இவ்வளவு நம்புகிறேன்.

அருண்: சிதைப்பது காம்ட் என்சைம்தானே சித்தி? அதைக் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்செல்ராட் 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்று படித்தேன்.

மீனா சித்தி: அதேதான் அருண்.
அக்கா, ரத்தம் எடுக்கும்வரை வெறும் வயிறு, கோப்பி வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரையும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் அளவை ஏற்றும். சில ஆய்வுமுறைகளில் பெனடால் (பாரசிட்டமால்) கூடக் குழப்பும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முழுப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மா: முழங்கால் வலிக்குப் பெனடால் போடுகிறேனே!

மீனா சித்தி: அதையும் எழுதுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இந்த ரத்தம் ஊதா மூடிக் குழாயில், பனிக்கட்டியில் வைத்து வரும். உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைப்போம். நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், உட்கார்ந்து எடுத்த ரத்தத்தைப் படுத்து எடுத்ததாக மாற்ற முடியாது. எல்லையைச் சற்றே தாண்டுவது பெரும்பாலும் கட்டியாக இருப்பதில்லை. பல மடங்கு ஏறினால்தான் சந்தேகம் வலுக்கும்.

ரவி மாமா: சரி மீனாக்கா. நான் காரில் அழைத்துப் போகிறேன், பஸ் வேண்டாம்.

அம்மா: கவிதா, படுக்கவைத்து எடுப்பார்களா என்று கேள்.

கவிதா: இப்போதுதான் போன் செய்தேன் அம்மா. படுக்கை தருவார்களாம். 8.30-க்கு வரச் சொன்னார்கள்.