இழுகலா, நிழற்றடமா? திரைக் கைத்தாளுக்கு ஒரு சொல்

ரோஸ் ஹில்லிலிருந்து:

மொரீஷியஸிலிருந்து அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்காக, கணினி விளையாட்டுக்கு வேகத் திரை வாங்குவது எப்படி என்று நான்கு பக்கக் கைத்தாள் தயாராகிறது. வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். படப்புள்ளி, புதுப்பிப்பு வீதம் (விநாடிக்கு எத்தனை படம் என்பது; ஹெர்ட்ஸில் சொல்வது), பின்னொளி எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. ஒரு சொல்லில்தான் நிற்கிறோம். அசையும் உருவத்துக்குப் பின்னால் மங்கலாக ஒரு வால் வருமே, அந்த கோஸ்டிங்குக்கு என்ன சொல்வது? வரைவில் "பேயுரு" என்று இருக்கிறது. பிள்ளைகள் வாயில் வருவது பிரெஞ்சுக்காரர் சொல்லும் "ரெமானான்ஸ்".

சொல் வரவேண்டிய இடம் இது: "144 ஹெர்ட்ஸ் திரை 6.94 மில்லிவிநாடிக்கு ஒரு புதுப் படம் காட்டும். 240 ஹெர்ட்ஸ் திரை 4.17 மில்லிவிநாடிக்கு ஒன்று. அதற்குள் படப்புள்ளி நிறம் மாறி முடிக்காவிட்டால் பழைய படம் புதிய படத்தில் ______ ஆகத் தெரியும்."

போர்ட் லூயியிலிருந்து:

பேயுரு வேண்டவே வேண்டாம். அது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சட்டை போட்டதுதான். ரெமானான்ஸ் என்பதன் பொருள் எஞ்சி நிற்பது. நம்மிடம் எஞ்சு என்ற வினை இருக்கிறது. அதிலிருந்து எச்சம் பிறக்கிறது. "எச்சவுரு" என்று வைக்கலாம். பெயரெச்சமும் வினையெச்சமும் முடியாமல் நிற்கிற சொற்கள். இதுவும் மாறி முடியாமல் நிற்கிற புள்ளி. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

டர்பனிலிருந்து:

ஐயா, பொருத்தம் இலக்கணம் படித்தவருக்கு. இங்கே வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வீட்டு மொழி ஆங்கிலம், எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. எச்சம் என்றால் அதற்குத் தெரிந்தது காக்கை எச்சம் மட்டும். கோஸ்டிங் என்றே தமிழெழுத்தில் எழுதினால் என்ன குறை? கடைக்காரரிடம் கேட்கப்போகிற சொல்லும் அதுதானே.

குவாத்ர் போர்னிலிருந்து:

கடைக்காரரும் அந்த ஒரே சொல்லால் வேறு வேறு குறைகளைச் சொல்கிறார். வாங்குபவர் ஏமாறுவது அங்கேதான். எச்சவுருவா கோஸ்டிங்கா என்பதற்கு முன், எத்தனை குறைக்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது, படப்புள்ளியின் சோம்பல். நீர்மப் படிகத் திரையில் விஏ, ஐபிஎஸ் என்று பலக வகைகள் உண்டு. விஏ பலகத்தில் மின்னழுத்தம் இல்லாதபோது நீர்மப் படிக மூலக்கூறுகள் செங்குத்தாக நின்று ஒளியை அடைக்கின்றன. அதனால் கறுப்பு ஆழமாக இருக்கும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி மாறுபாடு 3000-க்கு 1 வரையும் அதற்கு மேலும் கிடைக்கும். ஐபிஎஸ்ஸில் பெரும்பாலும் 1000-க்கு 1 தான். இருட்டறையில் மூலைகள் வெளிறித் தெரியும். ஆனால் விஏயில் கறுப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறும்போது மின்னழுத்த வேறுபாடு மிகச் சிறிது. தள்ளும் விசை குறைவு, மூலக்கூறு மெதுவாகவே சாயும். அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் 20 மில்லிவிநாடிக்கு மேல் எடுக்கும் பலகங்கள் உண்டு. 240 ஹெர்ட்ஸில் அது ஐந்து படம்.

கண்ணால் பார்க்க ஒரு வழி: கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறத் தமிழ் எழுத்தை வைத்து வேகமாக உருட்டுங்கள். முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. "ண்" என்பது "ண" போல ஆகி, புள்ளி இருந்த இடத்திலிருந்து ஒரு கருஞ்சாந்துக் கோடு இறங்கும். ஈர மையை விரல் தொட்டால் என்ன ஆகுமோ அதுதான். மை இழுகிவிட்டது என்கிறோம் அல்லவா? இதற்கு "இழுகல்" போதும்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறு. சோம்பலைப் போக்கத் திரையில் ஓவர்டிரைவ் என்று ஓர் அமைப்பு இருக்கும். இலக்கை விடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துப் புள்ளியை உந்துவது. அதிகம் உந்தினால் புள்ளி இலக்கைத் தாண்டிவிட்டுத் திரும்பும். அப்போது வால் கருமையாக இராது; உருவத்தின் ஓரத்தில் வெளிறிய வளையம் தெரியும். உந்தல், தாண்டல் என்று வைக்கலாம். விளம்பரத்தின் "1 மில்லிவிநாடி" பல நேரம் உந்தலை உச்சியில் வைத்து எடுத்த எண். அந்த நிலையில் யாரும் விளையாட முடியாது. நடு நிலையில் வையுங்கள். விளையாட்டின் வேகத்துக்கேற்பப் புதுப்பிப்பு வீதம் மாறும் திரையை 144-இல் மட்டும் சோதித்தால் போதாது. விளையாட்டு 70-க்கு இறங்கும்போது தாண்டிய நிறம் இரு மடங்கு நேரம் திரையில் நிற்கும். 144-இல் தெரியாத வளையம் அங்கே தெரியும்.

மூன்றாவது, புள்ளியின் பிழையே இல்லை. ஓலெட் திரையில், அதாவது பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரையில், மாற்றம் 0.03 மில்லிவிநாடி என்று எழுதியிருப்பார்கள். ஆனாலும் 60 ஹெர்ட்ஸில் மங்கும். படம் அசையாமல் நிற்க, கண் உருவத்தைத் தொடர்ந்து நகர்கிறது. விநாடிக்கு 960 புள்ளி ஓடும் உருவம் 60 ஹெர்ட்ஸில் 16 புள்ளி அகலம் மங்கும், 240-இல் 4 புள்ளி. இதற்கு மருந்து புதுப்பிப்பு வீதத்தைக் கூட்டுவது, அல்லது படங்களுக்கு நடுவே கறுப்பு இடைவெளி விடுவது. இது "தொடர்மங்கல்".

போர்ட் லூயியிலிருந்து:

குவாத்ர் போர்ன் அம்மா பிரித்துக் காட்டியதை மனமார ஏற்கிறேன். எச்சவுருவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இழுகல் கொச்சையாக ஒலிக்கிறது. கருமையான வால் என்றால் நிழலின் தடம். நிழல் + தடம் = நிழற்றடம். லகரம் தகரத்தோடு புணர்ந்தால் றகரமாகத் திரிவது விதி. "நிழல்தடம்" என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

இழுகல் பற்றியும் ஒன்று. பழந்தமிழில் இழுது என்றால் நெய், வெண்ணெய். குறளில் வழுக்கும் நிலத்துக்கு இழுக்கல் என்று வருகிறது. இழு, இழுகு, இழுது, இழுக்கல் ஒரே வேரா? நெய் பூசிய இடம் வழுக்கும், வழுக்கினால் தடம் நீளும்...

டர்பனிலிருந்து:

நிழற்றடம் என்பதைப் பிள்ளைகள் "நிழற்று அடம்" என்று பிரித்துப் படிப்பார்கள். புணர்ச்சி விதி சரிதான். சொல்லுக்குள் நிழலும் தெரியவில்லை, தடமும் தெரியவில்லை. பிறகு அது எதை விளக்கும்? நான் கோஸ்டிங் என்றேன். அதை விட்டு இழுகலுக்கு வருகிறேன். எழுத்துக்கூட்டினால் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது.

வேர் ஆராய்ச்சியை வியாழனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, ஐயா?

ரீயூனியன், சேன் தெனியிலிருந்து:

ஓலெட்டின் நிரந்தரக் கறையை விட்டுவிட்டீர்கள். ரெமானான்ஸ் என்ற சொல்லை இங்கே அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். விளையாட்டில் மீதி உயிரைக் காட்டும் பட்டையும், கணினித் திரையின் அடியில் உள்ள பட்டையும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் அந்த இடத்துக் கரிமப் பொருள் மற்ற இடத்தைவிட வேகமாகத் தேய்கிறது. வேறு படம் வந்தாலும் அந்த வடிவம் மங்கலாகத் தெரியும். சிலர் "எரிவு" என்கிறார்கள். எதுவும் எரியவில்லை, தேய்கிறது. "தழும்பு" சரியாக இருக்கும். ஆறினாலும் மறையாதது அல்லவா தழும்பு.

கைத்தாளில் இதையும் சேருங்கள்: ஓலெட் திரை, அணைத்த பிறகு காத்திருப்பு நிலையில்தான் புள்ளிகளைச் சமன் செய்கிறது. நம் தீவுகளில் புயல் காலத்தில் சுவர்ச் செருகியைப் பிடுங்கி வைப்பது வழக்கம், அது நல்லதே. ஆனால் ஆண்டு முழுவதும் இரவுதோறும் பிடுங்கினால் அந்த வேலை நடக்காது, தழும்பு விரைவில் விழும்.

குவாத்ர் போர்னிலிருந்து:

தழும்பு அருமை. இன்னொன்று: ஓலெட்டில், ஒரு படப்புள்ளிக்குள் இருக்கும் நிற உட்புள்ளிகளின் அடுக்கு வழக்கமான செம்பச்சைநீல வரிசையாக இராது. எழுத்தின் ஓரத்தில் நிறக்கரை தெரியும். 27 அங்குலம், 1440 வரி என்றால் அங்குலத்துக்கு 109 புள்ளிதான். "ஜூ", "ணை" போன்ற சுழியெழுத்தை நாள் முழுக்கப் படிப்பவர் கடையில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு வாங்கட்டும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் கவலை இல்லை.

ரோஸ் ஹில்லிலிருந்து:

வியாழன் மாலை. இழுகலுக்கு ஐந்து பேர், நிழற்றடத்துக்கு இருவர், மற்றவர்கள் பதில் எழுதவில்லை. கைத்தாளில் இழுகல், உந்தல், தாண்டல், தொடர்மங்கல், தழும்பு என்று போகிறது. ரெமானான்ஸ் முதல் பக்கத்தில் ஒரே முறை, தமிழெழுத்தில். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி: திரை வந்ததும் கணினியின் காட்சி அமைப்பில் வீதத்தைக் கையால் 144-க்கோ 240-க்கோ மாற்றவும், பல கணினிகள் 60-இலேயே நிற்கும். பெட்டியில் வந்த கம்பியையே செருகவும்.

போர்ட் லூயியிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும், தடை சொல்லவில்லை. ஆனால் இழுகல் என்பது மை செய்யும் வேலை. திரையில் மை இல்லை, ஒளிதான் இருக்கிறது. ஒளி தடைப்பட்டால் வருவது நிழல். அடுத்த பதிப்பில் அடைப்புக்குள்ளாவது நிழற்றடம் இருக்க வேண்டும். இழுது–இழுக்கல் பற்றித் தனியே எழுதுகிறேன்.