ஸ்கூல் கிராண்ட் (அரசுப் பள்ளிக்கு அன்றாடச் செலவுக்கு வர்ற மானியம்) எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சுன்னு கேட்டுப் பாத்தவங்க வந்து எழுதுங்க

குழுத்தலைவி:
பள்ளிக்கல்விக்கு 2025-26 பட்ஜெட்ல 46,767 கோடின்னு டிவில ஓடுச்சு, சரி அதுல எங்க ஊர் யூனியன் மிடில் ஸ்கூலுக்கு எவ்வளவுன்னு கேட்டா சொல்ல ஆளில்ல. நான் பள்ளி மேலாண்மைக் குழு தலைவி. எனக்கு முன்னாடி இருந்த அக்காவுக்கு தீர்மான நோட்டு வீட்டுக்கே போகும், பையன் பையில வச்சு அனுப்புவாங்க, அவங்களும் அடுப்படில நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. நான் வந்ததும் முத கூட்டத்துலயே கேஷ் புக்கயும் பில்லு ஃபைலயும் எடுத்து வைங்க டீச்சர்னு கேட்டேன். கல்வி உரிமைச் சட்டம் 21ஆவது பிரிவுல பள்ளிக்கு வர்ற மானியம் எப்படி செலவாகுதுன்னு பாக்குறது குழுவோட வேலைன்னு தெளிவா இருக்கு, ட்ரெயினிங்ல குடுத்த புக்லயும் போட்டிருக்கு.

எச்எம் டீச்சர் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, ஆனா எடுத்து வச்சாங்க. எங்களுக்கு 100 பிள்ளைக்கு மேல இருக்கறதால வருஷத்துக்கு 50,000. பெயிண்ட் பில்லு, ரெஜிஸ்டர் நோட்டு, ஃபினாயில், டியூப்லைட்டு, எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு வவுச்சர் மட்டும் மோட்டார் ரிப்பேர் 4,500ன்னு. ஸ்கூல்ல இருக்கற மோட்டாரு பஞ்சாயத்துது, அத ரிப்பேர் பாத்ததும் பஞ்சாயத்து ஆளு, எங்க வீட்டுக்காரரு தான் ஏணி புடிச்சாரு! அப்ப இது எந்த மோட்டார் டீச்சர்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கதவ சாத்திட்டு சொன்னாங்க, பாத்ரூம் கழுவுற அம்மாவுக்கு மாசக்கணக்கா சம்பளம் வரல, அவங்க நின்னுட்டா பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூலுக்கே வராது, கூலின்னு எழுதினா ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்க, அதான் இப்படின்னு. சண்டை போடத்தான் போனேன், வாய் வரல.

காட்டான்:
அக்கா தப்பா நினைக்காதீங்க, எச்எம் சொன்னத அப்படியே நம்பிட்டீங்களா? எல்லாருமே இப்படி ஒரு கதை வச்சிருப்பாங்க.

குழுத்தலைவி:
தம்பி, நானும் சும்மா விடல, நேரா அந்தம்மா வீட்டுக்கே போய்க் கேட்டேன். பணம் வந்துச்சுன்னாங்க, ஆனா 3,000 தான்னாங்க. மீதி 1,500க்கு டீச்சர் விளக்கமாறு பிளீச்சிங் பவுடர் பில்லு காட்டினாங்க, துண்டுச்சீட்டு பில்லு. நம்பறதா வேணாமான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல. ஆனா சம்பள பாக்கிய தீர்மானமாப் போட்டு கிராம சபைலயும் வச்சோம், அதுக்கப்புறம் பாதி வந்துச்சு. இனிமே மோட்டார்னு எழுதாதீங்க, குழுவுல சொல்லுங்க, ஊர்ல வசூல் பண்ணியாவது குடுப்போம்னு சொல்லிட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நான் 11 வருஷம் எச்எம்மா இருந்தவன், அந்தப் பக்கமும் கொஞ்சம் சொல்றேன். கிராண்ட் ஜூன்ல வந்தா பிரயோஜனம். எங்களுக்கெல்லாம் ஜனவரி பிப்ரவரில வரும், மார்ச் 31க்குள்ள செலவு பண்ணி யூசி, அதான் பணத்தச் செலவு பண்ணியாச்சுங்கற சான்றிதழ், குடுன்னு வாட்ஸப்ல நெருக்குவாங்க, இப்ப ஜீரோ பேலன்ஸ் கணக்கு வேற, வருஷம் முடிஞ்சா மிச்சம் அங்கயே போயிரும். மழைக்கு முன்னாடி ஓடு மாத்த வேண்டியத பங்குனி வெயில்ல மாத்துவோம். பிள்ளைக்கு என்ன தேவைன்னு யோசிக்க எங்க நேரம், எந்தக் கடைக்காரன் உடனே ஜிஎஸ்டி பில்லு தருவான்னு தான் ஓடணும். கடைசி வாரத்துல வாங்கின சாமான் தான் பீரோவுல பிரிக்காம கிடக்கும், போய்ப் பாருங்க. திருடுறவன் இல்லேன்னு சொல்லல, இருக்கான். ஆனா கோட்டைல தாமதமானதுக்கும் எச்எம்ம தான் ஊர்ல திருடன்ம்பாங்க. இன்னொண்ணு, அந்த 46,767 கோடில பெரும்பகுதி சம்பளம். அதனால பட்ஜெட் ஏறுச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கு ஏறுச்சுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

ஆர்டிஐ பைத்தியம்:
நம்ம கதை வேற. ஒன்றியத்துல எந்த ஸ்கூலுக்கு எவ்வளவு கிராண்ட், எந்தத் தேதில விட்டாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு பக்க மனு போட்டுக் கேட்டேன். மேல இருந்து கீழ, கீழ இருந்து இன்னும் கீழன்னு கடிதம் மாத்தி மாத்தி அனுப்பிக் கடைசில ஒவ்வொரு எச்எம் கிட்டயும் போய் நின்னுச்சு. ஒரு டீச்சர் போன்ல அழுவுறாங்க, என் மேல என்ன சார் கோவம் உங்களுக்குன்னு. நான் கேட்டது மேல ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல இருக்கற ஒரு பட்டியல், வந்தது ஒரு கட்டு ஜெராக்ஸ், அதுல பாதி கருப்பு. முத மேல்முறையீடு போட்ட பிறகு தான் அந்தப் பட்டியலே வந்துச்சு, மொத்தமே 2 பக்கம். இதையெல்லாம் யாரும் கேக்காமலே வெளியிடணும்னு தகவல் உரிமைச் சட்டம் 4ஆவது பிரிவு 2005ல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கு.

கம்பாலா ரிட்டர்ன்:
நான் உகாண்டால கொஞ்ச காலம் அக்கவுண்ட்ஸ் வேலை பாத்தேன், அங்க இது பெரிய கதை. 90கள் ஆரம்பத்துல அரசு ஒரு பிள்ளைக்கு இவ்வளவுன்னு அனுப்பின கிராண்ட்ல சராசரியா 13% தான் பள்ளிக்கூடம் வந்து சேந்துச்சுன்னு ஒரு சர்வேல வெளிய வந்துருச்சு, மிச்சமெல்லாம் மாவட்ட ஆபீஸ்லயே நின்னுருச்சு. அப்புறம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்புனாங்கன்னு பேப்பர்ல போட ஆரம்பிச்சாங்க, ஸ்கூல் சுவத்துலயும் ஒட்டச் சொன்னாங்க. 2001 வாக்குல 80%க்கு மேல போய்ச் சேந்துச்சு. பேப்பர்ல போட்டது மட்டும் காரணமில்ல, பணம் அனுப்புற முறையையே மாத்துனாங்கன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கும் ரெண்டும் சேந்து தான்னு தோணுது. பேரு வாசிக்கத் தெரியாத அப்பன் கூட நம்பர வாசிப்பான்.

காட்டான்:
இங்க மேலயே நிக்குதே ப்ரோ. பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசு பள்ளித் திட்டத்துல கையெழுத்துப் போடலன்னு 2024-25ல சமக்ர சிக்ஷா, அதான் மத்திய அரசோட பள்ளிக்கல்வி நிதித் திட்டம், அந்தப் பணம் 2,152 கோடிய டெல்லி நிறுத்திருச்சு, 2025 மே மாசம் மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு. ரெண்டு கவர்மெண்டும் அறிக்கை விட்டுக்குறாங்க, நம்ம ஸ்கூல்ல எது நின்னுச்சுன்னு மட்டும் ஒருத்தனும் லிஸ்ட் போடல.

குழுத்தலைவி:
அதான் நாங்க எங்க ஸ்கூல் வாசல்லயே கரும்பலகைல எழுத ஆரம்பிச்சிட்டோம், வந்த தொகை, தேதி, செலவு, மிச்சம். டீச்சர் முதல்ல பயந்தாங்க, இப்ப அவங்களே எழுதுறாங்க, ஏன்னா வரலன்னா வரலன்னும் எழுதலாம்ல. பக்கத்து ஊர்க் குழுவுல நோட்டே காட்ட மாட்டேங்குறாங்களாம், அதுக்கு என்ன பண்றது தம்பி?

ஆர்டிஐ பைத்தியம்:
நகல் கேக்காதீங்க அக்கா, பதிவேட்டை நேர்ல பாக்கணும்னு கேக்கச் சொல்லுங்க, தகவல் உரிமைச் சட்டத்துல இடம் இருக்கு. மனுல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், முத ஒரு மணி நேரம் பாக்கக் காசு இல்ல. ரெண்டு பேரா போகச் சொல்லுங்க, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் எழுத. கேஷ் புக்கு, வவுச்சர் ஃபைல், ஸ்டாக் ரெஜிஸ்டர் மூணையும் பேர் போட்டுக் கேக்கணும், ஸ்டாக் ரெஜிஸ்டர விட்டுட்டா வாங்குனது உண்மையிலயே வந்துச்சான்னு தெரியாது.