ஒரு வயசுப் புள்ளையோட சிங்கப்பூர் யுனிவர்சல்: இரண்டரையா, ஒன்றரையா?

ஊர்சுத்தி நுவரெலியா
ஒரு வயசுப் புள்ளைக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்குல டிக்கெட்டே இல்ல. நாலு வயசுக்குக் கீழ இலவசம். யோசிக்காம தூக்கிட்டுப் போங்க. சாங்கி விமான நிலையத்துல இறங்குன உடனே புள்ளையவும் அந்த ஊர் நேரத்துக்கு மாத்திருங்க, ஒரே நாள்ல பழகிரும். காலைல கதவு திறக்கிறப்போ உள்ள போனா மூடுற வரைக்கும் நிக்கலாம். காசு முழுசா வசூல்.

ஹட்டன் கணக்கப்புள்ள
"ஒரே நாள்ல பழகிரும்"னு எழுதுனவரு புள்ளைய கைக்கடியாரம்னு நெனச்சிட்டாரு போல, திருகுனா மாறுறதுக்கு.

இலங்கையில நமக்கும் சிங்கப்பூருக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். அவங்க முன்னுக்கு. வீட்ல காலைல 6க்கு முழிச்சு ராத்திரி 7.30க்குத் தூங்குற புள்ளைய அப்பிடியே விட்டா, அங்க 8.30க்கு முழிக்கும், 10க்குத் தூங்கும். பார்க் பெரும்பாலும் 10க்குத்தான் திறக்குறாங்க. பாலு, பெம்பர்ஸ், சாப்பாடு எல்லாத்துக்கும் ஒண்ணரை மணித்தியாலம் கையில இருக்கு. அந்த ஊர் நேரத்துக்கு மாத்துறேன்னு அங்க 6க்கு எழுப்பினீங்கன்னா, புள்ளையோட உடம்புக்கு அது விடியக்காலம் 3.30. எழுப்பிப் பாருங்க, யாரு யாரைப் பழக்குறதுன்னு தெரியும்.

நாலஞ்சு நாள் பயணத்துக்குப் புள்ளையோட கடியாரத்துல கை வைக்காதீங்க. இரண்டரையை அப்பிடியே விடுங்க.

பண்டாரவளை டீச்சரம்மா
கணக்கு சரி, வெயில் எங்க? வீட்ல பகல் 12.30க்குத் தூங்குற புள்ள உங்க முறையில அங்க 3 மணிக்குத்தான் தூங்கும். அப்ப 12லருந்து 3 வரைக்கும், வெயில் உச்சியில நிக்கிற நேரம், புள்ள வெளிய. நுவரெலியாவோட சராசரி 16 பாகை. சிங்கப்பூர்ல பகல்ல 31, 32. கம்பளிச் சட்டைக்கும் குல்லாக்கும் பழகுன உடம்பு அது. மாத்தித்தான் ஆகணும். ஆனா இறங்குன அன்னைக்கு இல்ல. போறதுக்கு அஞ்சு நாளைக்கு முந்தியே நாளுக்கு அரை மணித்தியாலம் முன்னுக்கு நகர்த்துங்க. அஞ்சு அரை, இரண்டரை. இதுவும் கணக்குத்தான்.

ஹட்டன் கணக்கப்புள்ள
நல்லது டீச்சர். அஞ்சாவது நாள் ராத்திரி 7.30 தூக்கம் எப்ப வரும்? பின்னேரம் 5. பண்டாரவளையில 5 மணிக்கு வெயில் இன்னும் மரத்துல இருக்கும். பக்கத்து வீட்ல ரேடியோ, வெளிய பெரிய புள்ளைங்க கிரிக்கெட். அந்த நேரத்துல ஒரு வயசுப் புள்ளையத் தொட்டில்ல போட்டு "தூங்கு கண்ணு"ன்னா தூங்குமா? ஊர்ல அஞ்சு நாள் கெட்டு, அங்க நாலு நாள் கெட்டு, திரும்பி வந்து இன்னொரு அஞ்சு நாள்.

வெயிலுக்கு வழி நேரத்தை மாத்துறது இல்ல, இடத்தை மாத்துறது. 10லருந்து 11.30 வரைக்கும் வெளிய. பிறகு குளிரூட்டுன இடம். பார்க் இருக்குற அதே செந்தோசா ரிசோர்ட்டுக்குள்ள மீன்காட்சி இருக்கு, 2025ல சிங்கப்பூர் ஓஷனேரியம்னு பேர் மாத்தித் திறந்தாங்க. இருட்டு, குளிர், பெரிய கண்ணாடி, மெதுவா நீந்துற மீனு. ஒரு வயசுக்கு அதுதான் தீம் பார்க். 3 மணிக்கு ஹோட்டல் அறையில தூக்கம். மத்தியானத்துக்குப் பிறகு அங்க இடி மழை அடிக்கடி வரும், மின்னல்னா வெளி ரைடை எல்லாம் நிறுத்திருவாங்க. புள்ள தூங்குறப்போ நீங்க ஒண்ணும் இழக்கல.

வெலிமடைக் கிழங்கு
ரெண்டு பேருமே தப்பு. வித்தியாசம் இரண்டரை இல்ல, ஒன்றரை.

ஹட்டன் கணக்கப்புள்ள
தம்பி, கிழங்கு மண்ணுக்குள்ளயே இருந்தா நல்லது. நம்ம நேரம் கிரீன்விச்ல இருந்து 5.30. சிங்கப்பூர் 8. எட்டுல அஞ்சரை போனா எவ்வளவு?

வெலிமடைக் கிழங்கு
புள்ளைக்கு கிரீன்விச் தெரியுமா ஐயா? அதுக்குத் தெரிஞ்சது வெளிச்சம். நுவரெலியா கிழக்கே கிட்டத்தட்ட 80.8 பாகை, சிங்கப்பூர் 103.8. நடுவுல 23 பாகை. பாகைக்கு 4 நிமிசம், 92 நிமிசம். சூரியன் ஒன்றரை மணித்தியாலம்தான் முந்துது. சிங்கப்பூர்க்காரன் கடியாரத்தைத் தன் இடத்துக்கு உரியதை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வச்சிருக்கான். அதனாலதான் அங்க விடியுறதே 7 மணிக்கு, இருட்டுறதும் 7க்கு மேல. உடம்புக் கடியாரத்தை ஓட்டுறது சூரியன்னா வித்தியாசம் ஒன்றரை. அரை அரையா நகர்த்துனா மூணே நாள். டீச்சரோட அஞ்சு நாளும் வேணாம், உங்க பிடிவாதமும் வேணாம்.

பண்டாரவளை டீச்சரம்மா
விமான டிக்கெட்டுல சூரிய நேரமா போட்டிருக்கு? ஹோட்டல்ல காலைச் சாப்பாடு முடியுறது கடியாரத்துலதானே? இரண்டரை.

வெலிமடைக் கிழங்கு
காலைச் சாப்பாடு உங்களுக்கு. புள்ளைக்கு ஒன்றரை.

பதுளை வெயில்
கணக்கப்புள்ள ஐயா நானுஓயா ரயில் விவாதத்துலயும் இப்பிடித்தான். நாப்பது பதில் எழுதி, கடைசியில அட்டவணை மாறிருச்சுன்னு ஒருத்தர் காட்டுனதும் காணாமப் போயிட்டாரு. இப்ப இரண்டரையைப் பிடிச்சுத் தொங்குறாரு.

ஹட்டன் கணக்கப்புள்ள
அட்டவணை மாறுனது நான் எழுதுனதுக்குப் பிறகு. அதை அங்கயே சொல்லியாச்சு. படிக்காதவங்களுக்குத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துல நின்னு பேர் கூப்பிட முடியாது.

கிழங்குக்கு: 92 நிமிசம் சரி. ஆனா அது எனக்குத்தான் சாதகம். அங்க 7க்கு விடியுது, புள்ளையோட கணக்குல அது 4.30. அறையில திரைய இழுத்து மூடிட்டா 8.30 வரைக்கும் தூங்கும். திரை சரியா மூடலன்னா ஓரத்துல துணி கவ்வுற கிளிப் ரெண்டு போடுங்க. வெளிச்சத்தை வெளிய நிப்பாட்டிட்டா உங்க ஒன்றரையும் வெளிய நிக்கும். மிச்சம் இரண்டரை.

வெலிமடைக் கிழங்கு
நாள் முழுக்க வெளிய சுத்துறப்போ சூரியனையும் கிளிப் போட்டு மூடுவீங்களா?

ஊர்சுத்தி நுவரெலியா
நான் சும்மா இலவசம்னு ஒரு தகவல் போட்டேன். அதுக்கா இவ்வளவு?

ஹட்டன் கணக்கப்புள்ள
இலவசம்னு போட்டீங்க, உள்ள போய் எதுல ஏறலாம்னு போடலியே. ஒரு வயசுப் புள்ள உயரம் 75 சென்டிமீட்டர் அளவு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 வேணும், மம்மிக்கு 122, கேலக்டிகாவுக்கு 125. மிச்சம் செசமி ஸ்ட்ரீட் மாதிரி பெரியவங்களோட உக்காருற ஒண்ணு ரெண்டு. அதுவும் புள்ள தானா நிமிர்ந்து உக்காரணும். பெரிய ரைடுல அம்மாவும் அப்பாவும் மாறி மாறி ஏற ரெண்டாவது தடவை வரிசையில நிக்க வேணாம்னு ஏற்பாடு இருக்கான்னு ரைடு வாசல்ல நிக்கிறவங்ககிட்ட கேளுங்க. இலவசம் புள்ளைக்கு. வசூல் எங்க வருதுன்னு நீங்களே கூட்டிப் பாருங்க.

மஸ்கெலியா மழை
ஒரு கேள்வி. தள்ளுவண்டி இங்கருந்து கொண்டு போறதா, அங்க வாடகைக்கு எடுக்குறதா? நம்ம லயத்துப் படிக்கட்டுல அதை வச்சிக்கிட்டு என்னா செய்றதுன்னு வாங்கவே இல்ல.

பண்டாரவளை டீச்சரம்மா
பார்க்குல வாடகைக்கு இருக்கும். ஆனா ரயில் நிலையத்துலருந்து பார்க் வாசல் வரைக்கும், சாங்கில, ஹோட்டல்ல எல்லாம் கை நோகும். மடிச்சா கையில தூக்குற சின்ன வண்டி, சாய்ஞ்சு படுக்குற மாதிரி இருக்கணும். ஹார்பர் ஃப்ரன்ட்ல விவோசிட்டிக்குள்ள ஏறி செந்தோசா எக்ஸ்பிரஸ், உள்ள போக 4 டாலர், வெளிய வர இலவசம். லிஃப்ட் உண்டு. ஒண்ணு மட்டும்: வெயில்னு சால்வையால வண்டிய மூடாதீங்க. காத்து ஓடாம உள்ள வெப்பம் ஏறும், மூடுன பிறகு புள்ள முகமும் தெரியாது. கூரையை இழுத்து விட்டு நிழல்ல தள்ளுங்க. உள்ள மெல்லிசா ஒத்தைப் பருத்திச் சட்டை போதும்.

பதுளை வெயில்
விமானத்துல அழாம இருக்க சளிப் பாணி ஒரு கரண்டி குடுத்தா தூங்கிரும்னு சொல்றாங்களே?

பண்டாரவளை டீச்சரம்மா
யாரு சொல்றது? ரெண்டு வயசுக்குக் கீழ அது விளையாட்டு இல்ல. மூச்சு மந்தமாகலாம், சில புள்ளைங்களுக்கு எதிர்மாறா துள்ளல் கூடும். விமானம் இறங்க ஆரம்பிக்கிறப்போ, தரை தட்ட அரை மணித்தியாலம் இருக்கும்போது, தாய்ப்பாலோ போத்தலோ குடுங்க. விழுங்க விழுங்க காது அடைப்பு விடும். தூங்க வைக்க மருந்து தேடாதீங்க.

பதுளை வெயில்
கேட்டேன், அவ்வளவுதான். வகுப்பு எடுக்குறீங்க.

வெலிமடைக் கிழங்கு
பிளாஸ்க்கைப் பத்தியும் யாராவது சொல்லுங்க. நுவரெலியாவுல தண்ணி 94 பாகையிலயே கொதிச்சிரும், 100 வராது. அதைக் கொண்டு போய்ப் பால்மா கரைச்சா கிருமி சாகாது.

ஹட்டன் கணக்கப்புள்ள
பாதி உண்மையில முழுப் பொய். நுவரெலியா 1,868 மீற்றர், கொதிநிலை 94 கிட்ட, சரி. ஆனா கிருமி சாக 100 தேவையில்ல. 2,000 மீற்றருக்குக் கீழ ஒரு நிமிசம் நல்லா கொதிச்சா போதும். டின் பால்மா கரைக்கிற தண்ணி 70க்குக் குறையக் கூடாது. பிரச்சினை மலை இல்ல, தூரம். ஹட்டன்லருந்து கட்டுநாயக்க விமான நிலையம் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது, விமானம் இன்னொரு நாலு, நடுவுல காத்திருப்பு. அதுக்குள்ள பிளாஸ்க் ஆறிரும். சாங்கில குழந்தைப் பராமரிப்பு அறையில சுடுதண்ணி இருக்கு, அங்க நிரப்புங்க. கரைச்ச பாலை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க. ஒரு வயசு தாண்டுன புள்ளைக்கு டின் பால்மாவே கட்டாயம் இல்ல, கடையில விக்கிற முழுக்கொழுப்புப் பசும்பால் போதும்.

வயித்தோட்டம் வந்தா கரைச்சுக் குடுக்குற ஜீவனி ரெண்டு பாக்கெட் பையில போடுங்க. ஒண்ணுக்கு ஒரு லீற்றர், கரைச்சு 24 மணித்தியாலம் ஆனா ஊத்திருங்க. யாரோட 24 மணித்தியாலம்னு கிழங்கு கேக்க வேணாம்.

மஸ்கெலியா மழை
ஒரு வயசுல பல புள்ளைங்க இன்னும் பகல்ல ரெண்டு தூக்கம் தூங்குதே? நீங்க எல்லாம் ஒரு தூக்கத்தை வச்சுத்தானே சண்டை போடுறீங்க?

ஹட்டன் கணக்கப்புள்ள
அப்பிடிக் கேளுங்க! ஒரு தூக்கத்துக்கு மாறுறது 12லருந்து 18 மாசத்துக்குள்ள. ரெண்டு தூக்கம்னா வீட்ல காலைல 9.30, பகல் 2. அங்க அது பகல் 12, பின்னேரம் 4.30. முதல் தூக்கம் சரியா உச்சி வெயில்ல விழுது. டீச்சர் சொன்ன 12லருந்து 3 வெயில்ல பாதி அப்பிடியே போயிருச்சு. கடியாரத்தை மாத்தியிருந்தா? 9.30 தூக்கம் பார்க் கதவு திறக்க முந்தியே வந்திருக்கும். இரண்டரைய விட்டு வச்சதோட பலன் இதுதான்.

பண்டாரவளை டீச்சரம்மா
9.30க்கு ஹோட்டல்ல தூங்கி, 10.30க்கு முழிச்சு, புதுப் புள்ளையா உள்ள போகுமே! உங்க முறையில பகல் 12க்கு எங்க தூங்கும்? மினியன் லேண்ட் சத்தத்துலயா? அந்தப் பகுதி 2025ல திறந்தது, கூட்டமே அங்கதான். வண்டியில தூங்குனா முக்கால் மணித்தியாலத்துல எந்திரிச்சு மிச்ச நாளெல்லாம் சிணுங்கும்.

ஹட்டன் கணக்கப்புள்ள
மினியன் லேண்டுல போய்த் தூங்க வைங்கன்னு யாரு சொன்னா? மீன்காட்சி மீன்காட்சின்னு மேல எழுதியிருக்கேன்.

வெலிமடைக் கிழங்கு
மீன்காட்சிக்குத் தனி டிக்கெட். அதையும் கூட்டுங்க, கணக்கப்புள்ள.

பதுளை வெயில்
1996ல நம்ம நாட்லயே கடியாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுனாங்க. அப்ப எந்தப் புள்ளையும் செத்துப் போகல. நாடே மாறுச்சு.

ஹட்டன் கணக்கப்புள்ள
அதே வருசம் அக்டோபர்ல அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தாங்க, 2006ல மிச்ச அரையையும் இழுத்து பழைய இடத்துக்கே வந்தாங்க. ஏன்? விடியாத இருட்டுல பள்ளிக்கூடப் புள்ளைங்க நடக்க வேண்டியிருந்துச்சு. உங்க உதாரணம் என் பக்கம் நிக்குது பதுளை, தெரியாமலே குடுத்திருக்கீங்க.

வெலிமடைக் கிழங்கு
சிங்கப்பூரும் 1982 வரைக்கும் கிரீன்விச்ல இருந்து 7.30தான் வச்சிருந்தான். அப்ப நமக்கும் அவனுக்கும் ரெண்டு. பிறகு இரண்டரை. நாளைக்கு அவன் மூணுன்னு வச்சா புள்ளை உடம்பும் மூணா? சூரியன் மாறவே இல்ல. ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை.

பண்டாரவளை டீச்சரம்மா
இரண்டரை. அஞ்சு நாள், அரை அரையா.

மஸ்கெலியா மழை
சரி, சிங்கப்பூர் வருகை அட்டை புள்ளைக்கும் தனியா நிரப்பணுமா?

ஊர்சுத்தி நுவரெலியா
ஆமா, புள்ளைக்கும் தனியா. இறங்குற நாளோட சேர்த்து மூணு நாளைக்குள்ள, இணையத்துல, இலவசம்.

வெலிமடைக் கிழங்கு
மூணு நாள்னா எந்த ஊர் நேரப்படி?

ஹட்டன் கணக்கப்புள்ள
சிங்கப்பூர் நேரப்படி. நம்மகிட்ட ராத்திரி 9.30 ஆகுறப்போ அங்க அடுத்த நாள் பிறந்துரும். உங்க கணக்குப்படி 10.30 வரைக்கும் காத்துக்கிட்டு இருங்க தம்பி.